கீப்பர் கூப்பிட்ட பந்து

இந்த விரலையா பாக்குறீங்க? பஸ்ஸு ஏறுனதுலயிருந்து பாத்துக்கிட்டே வர்றீங்களேன்னுதான் கேட்டேன். பொறவியிலயே இப்படி இல்லக்கா. ஒடிஞ்சு, கட்டு போட்டு, கட்டு சரியா நிக்காம கோணலாச் சேந்துக்கிச்சு. பந்து விளையாண்டப்ப ஒடிஞ்சது. ஃபுட்பால்தான். ஆமா, நான்தான். இந்த ஒடம்ப வச்சுச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, தெரியும். பதினேழு வருஷத்துக்கு முன்னாடி திண்டுக்கல் மாவட்டப் பொண்ணுங்க டீமுக்கு நான்தான் கீப்பர். கேப்டனும் நான்தான். சகாயராணின்னு பேரு. இப்ப கரூர்ல போலீஸ், ஹெட் கான்ஸ்டபிள். மப்டில வந்திருக்கேன், அதான் தெரியல. இன்னிக்கு லீவு போட்டுட்டு வேடசந்தூர்ல ஒருத்தியப் பாத்துட்டு வர்றேன்.

பாத்துட்டு வர்றேன்னு என்னமோ சாதாரணமாச் சொல்றேன். பதினேழு வருஷமாச்சுக்கா அவகிட்டப் பேசி.

நாகஜோதின்னு பேரு. நாங்க ஜோதிம்போம். எனக்கு முன்னாடி நின்னு ஆடுனவ. ஸ்டாப்பர்னு சொல்வாங்க. கோலுக்கு முன்னாடி கீப்பர், கீப்பருக்கு முன்னாடி ஸ்டாப்பர். எதிராளி எவ வந்தாலும் முதல்ல ஜோதியத் தாண்டணும், அப்புறந்தான் நான். நெட்டையா இருப்பா. மேல வர்ற பந்த அவ தலையால முட்டுனா பாதி கிரவுண்ட் போயி விழும். ஆனா வாயே திறக்க மாட்டா. நான் அதுக்கு நேர் மாறு. எங்கம்மா பேகம்பூர்ல தெருத்தெருவாக் கீரை வித்துச்சு. "அரைக்கீர, சிறுகீர"ன்னு அது முதல் தெருவுல குரல் கொடுத்தா மூணாந் தெருவுல கதவு திறக்கும். அந்தத் தொண்டதான் எனக்கும்.

எங்க மாஸ்டரு வின்சென்ட்டுனு பேரு. டீம் எடுக்க வந்த முதல் நாளு பந்தையே கண்ணுல காட்டல அந்த ஆளு. இந்தக் கோல்ல ஒருத்தி, அந்தக் கோல்ல ஒருத்தின்னு நிக்க வச்சு, "ஒம் பேரச் சொல்லிக் கத்து, அவளுக்குக் கேக்கணும்"ங்கிறாரு. கிராமத்துப் புள்ளைங்க எல்லாம். வீட்டுல சத்தமாச் சிரிச்சாலே அடி விழுகும். பேரச் சொல்லிக் கத்துன்னா எப்படிக் கத்தும்? ஒவ்வொண்ணும் மூக்குக்குள்ளயே சொல்லுது. ஜோதிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. என் முறை வந்துச்சு. நான் கத்துனேன். ரோட்டுல போன சைக்கிள்காரர் ஒருத்தர் காலை ஊணி நின்னுட்டாரு. மாஸ்டர், "இந்தப் புள்ளயக் கோல்ல போடு"ன்னாரு. என் கையப் பாத்து என்னைய எடுக்கலக்கா. தொண்டையப் பாத்துத்தான் எடுத்தாரு.

ஏன்னா ஃபுட்பால்ல காலு பாதிதான், வாயி பாதி. டிவில பாக்குறவங்களுக்கு அது தெரியாது. உள்ள நிக்கிறவளுக்குப் பந்து மேலதான் கண்ணு இருக்கும். முதுகுக்குப் பின்னாடி யாரு வர்றான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொருத்தி சொல்லணும். "ஆளு!"ன்னா பின்னாடி ஒருத்தி நெருங்கிட்டா, சட்டுன்னு பந்தக் குடுத்துருன்னு அர்த்தம். இங்கிலீசுல அதுக்கு "மேன் ஆன்"னு சொல்லணும்னு மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு. பொண்ணுங்க ஆடுற இடத்துல ஏது சார் மேனுன்னு மும்தாஜ் கேட்டுட்டா. மும்தாஜ் எங்க லெஃப்ட் பேக்கு, இடது பக்கம் நின்னு தடுக்கிறவ. அன்னியிலயிருந்து "ஆளு"ன்னே ஆயிருச்சு. அப்புறம் "டைம் இருக்கு"ன்னா பக்கத்துல யாருமில்ல, நிதானமா ஆடு. "ஏறு ஏறு"ன்னா எல்லாரும் சேந்து முன்னால போகணும். இதையெல்லாம் பின்னாடியிருந்து சொல்றவ கீப்பரு. அவளுக்குத்தான் மொத்தக் கிரவுண்டும் தெரியும். தொண்ணூறு நிமிசமும் கத்துவேன்க்கா. மேட்ச் முடிஞ்சா மத்தவளுகளுக்குக் காலு வலிக்கும். எனக்கு எச்சி முழுங்க முடியாது.

இதுல முக்கியமானது ஒண்ணு இருக்கு. அதச் சொன்னாத்தான் உங்களுக்குக் கதை புரியும். மேல தூக்கி அடிச்ச பந்து கோலு பக்கம் வருதுன்னு வைங்க. அத ஸ்டாப்பரும் முட்டலாம், கீப்பரும் வெளிய வந்து கையால புடிக்கலாம். ரெண்டு பேரும் போனா மோதிக்குவோம். அதனால கீப்பர்தான் முடிவு பண்ணணும். நான் வர்றேன்னா "கீப்பர்!"னு கத்தணும். கத்திட்டா ஸ்டாப்பர் ஒதுங்கிரணும், பந்து என்னோடது. நான் வரலைன்னா "அவே!"ன்னு கத்தணும், அவ முட்டி வெளிய அடிச்சிருவா. ஒரு சத்தமும் வரலைன்னா பந்து ஸ்டாப்பரோடது. மாஸ்டர் இத எங்களக் காலையிலயும் சாயங்காலமும் ஒப்பிக்க வைப்பாரு. "சத்தம் வரலைன்னா பந்து யாரோடது?" "ஸ்டாப்பரோடது மாஸ்டர்." பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி.

ஜோதி திரும்பியே பாக்க மாட்டா. எல்லாத்துக்கும் எங்குரல்தான் அவளுக்கு. "நீ பின்னாடி இருக்கேல்ல, நான் எதுக்குத் திரும்பணும்?"னு சொல்லுவா. ஒண்ணா ஒரே தட்டுல சாப்பிட்டவங்க நாங்க. போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சேரணும்னு ரெண்டு பேரும் ஒரே நாள்ல அப்ளிகேசன் போட்டோம். ஒரே ஸ்டேஷனுக்குப் போஸ்டிங் கேக்கலாம்டின்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சோம். அதெல்லாம் ஒரு வயசு.

அந்த வருசம் மாவட்டங்களுக்கு நடுவுல நடந்த போட்டியில ஃபைனலுக்குப் போயிட்டோம். திண்டுக்கல்லருந்து பொண்ணுங்க டீமு அவ்வளவு தூரம் போனதில்ல. செமி ஃபைனல்ல மழை. பந்து சோப்புக் கட்டி மாதிரி வழுக்குது. மேல ஒரு பந்து வந்துச்சு. நான் "கீப்பர்!"னு கத்துனேன், ஜோதி குனிஞ்சு ஒதுங்கிட்டா, பந்து எங் கையில பட்டு நழுவிருச்சு. எதிராளி ஒருத்தி நின்ன எடத்துலயே கால நீட்டி உள்ள தள்ளிட்டா. பரவாயில்ல, ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சுட்டோம். ஆனா மாஸ்டர் விடல. எல்லாரும் நிக்கிறப்பவே, "வாயி மட்டும் இருந்தாப் பத்தாது, கையும் வேணும். புடிக்க முடியும்னாக் கூப்பிடு. முடியாதுன்னா பொத்திக்கிட்டு நில்லு"ன்னுட்டாரு. கேப்டன் நானு. அத்தனை பேரு முன்னாடி. அத மனசுல வச்சுக்கிற ஆளு இல்ல நானு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

ஃபைனல். ஜீரோ ஜீரோன்னு போயிக்கிட்டிருக்கு. இன்னும் எட்டு நிமிசந்தான் பாக்கி. அவங்க பக்கத்துலயிருந்து ஒருத்தி வலது ஓரமா ஓடி வந்து பந்தத் தூக்கிக் குடுத்தா. உசரமான பந்து. ஜோதி அண்ணாந்து பாத்துக்கிட்டே பின்னால பின்னால வர்றா. நான் கோல விட்டு வெளிய வந்துட்டேன். கூப்பிட்டேன். நல்லாக் கூப்பிட்டேன்க்கா. அவ விடல. நான் எம்புறப்ப முட்டியத் தூக்கிக்கிட்டுத்தான் எம்பணும், கீப்பருக்கு அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க. என் முட்டி அவ முட்டியில பக்கவாட்டுல அடிச்சுச்சு. அவ ஊணுன காலு அது. "டக்"னு ஒரு சத்தம். பந்து அவ தலையில பட்டு, எந் தலைக்கு மேல போயி, எங்க கோல்லயே விழுந்துருச்சு. நான் கையக் கீழ ஊணுனதுல இந்த விரலு ஒடிஞ்சது. எனக்கும்தான் அடி அன்னிக்கு. அத எவளும் பேச மாட்டா.

ஒண்ணுக்கு ஜீரோ. தோத்துட்டோம். அவ தலையில பட்டு உள்ள போனதால கோல் அவ பேருலதான் எழுதுனாங்க. ஓன் கோல், நாகஜோதி, எண்பத்திரெண்டாவது நிமிசம்.

அவளத் தூக்கிட்டுப் போறாங்க. எனக்கு விரல்ல குச்சி வச்சுக் கட்டிக்கிட்டிருக்காங்க. மாஸ்டர் வந்தாரு. சுத்தி எல்லாரும் நிக்கிறாளுக. "கூப்பிட்டியா?"ன்னாரு. ஒரே வார்த்தை. "கூப்பிட்டேன் மாஸ்டர்"னேன். "அப்புறம் அவ ஏன் விடல?"ன்னு கேட்டுட்டு அவரே தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான் விசாரணை. திரும்பி வர்றப்ப வேன்ல எல்லாரும் அவளத்தான் பேசுனாளுக. கீப்பர் கூப்பிட்டும் விடாம, தானே முட்டிப் பேரு வாங்கணும்னு போனா, இப்பப் பாருன்னு. நான் ஒண்ணும் பேசல. ஜன்னலோரம் உக்காந்து வந்தேன். மும்தாஜ் மட்டும், "நான் பத்தடியிலதான் நின்னேன், எனக்கும் கேக்கலயே"ன்னா. "ஒனக்கு என்னைக்குடி எது கேட்டுச்சு?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. அவ வாய மூடிக்கிட்டா.

ஒரு தடவ போய்ப் பாத்தேன் ஜோதிய. ஆப்பிளு, ஹார்லிக்ஸெல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். அவ அப்பா ஆஸ்பத்திரியில ஆபரேசன்னு சொன்னதும் பயந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, முட்டை வெள்ளைக்கரு வச்சு எண்ணெய்க் கட்டு கட்டிப் போட்டிருந்தாரு. உள்ள அந்துபோன நரம்புக்கு எண்ணெய் என்ன செய்யும்? அவங்கம்மா காப்பி போட உள்ள போனதும், மெதுவாக் கேட்டா. "கூப்பிட்டியா சகாயம்?" "கூப்பிட்டேன்டி." "எனக்குக் கேக்கலயே." "அந்தக் கூட்டத்துச் சத்தத்துல ஒனக்குக் கேட்டிருக்காது"ன்னேன். சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் போகல.

மூணு மாசத்துல போலீஸ் செலக்சன் வந்துச்சு. நான் ஓடுனேன், எறிஞ்சேன், சர்டிபிகேட் காமிச்சேன், எடுத்துக்கிட்டாங்க. அவளுக்கும் கடுதாசி வந்துச்சாம். குச்சி ஊணிக்கிட்டு எங்க போறது? அடுத்த வருசமே கட்டிக் குடுத்துட்டாங்க, வேடசந்தூருக்கு. எனக்கும் பத்திரிகை வந்துச்சு. பந்தோபஸ்து டூட்டி, லீவு கிடைக்கல. கேட்டிருந்தாக் கிடைச்சிருக்கும், அது வேற. இப்ப ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருக்கா. மிஷினுக்கு முன்னாடி எட்டு மணி நேரம் நடந்துக்கிட்டே இருக்கணும், நூலு அந்தா முடி போடணும். அந்தக் கால வச்சுக்கிட்டு.

எனக்கு எதுல ஆத்தாமைன்னா, அவ என்னப் பத்தி ஒருத்திகிட்டயும் ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல. கேட்டுப் பாத்துட்டேன். சண்டை போட்டிருந்தாப் பரவாயில்ல. "இவ கூப்பிடல, பொய் சொல்றா"ன்னு நாலு பேருகிட்டச் சொல்லியிருந்தா, நான் போயி நேருக்கு நேரா நின்னிருப்பேன். ஸ்டேஷன்ல எத்தனை பஞ்சாயத்து பாக்குறேன். அவ கேக்கலன்னு மட்டுந்தான் சொன்னா. கேக்கலங்கிறவகிட்ட என்னன்னு சண்டை போடுறது? பதினேழு வருசமா நான் ஒரு தப்பும் பண்ணாம குத்தவாளி மாதிரித் திரியுறேன்.

சரி, அது அப்படியே போயிருந்திருக்கும். மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த மும்தாஜ் ஒரு வேலை பண்ணா. வாட்ஸப்புல எங்க பழைய டீமுக்கு ஒரு குரூப்பு இருக்கு. பொறந்தநாளு, கல்யாணநாளு, பூப்படம், இதுதான் வரும். மாஸ்டரும் இருக்காரு. இப்ப அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு வச்சிருக்கு. அந்த ஃபைனல அன்னிக்கு ஒரு கல்யாண வீடியோகாரர் எடுத்திருக்காரு, சிடி எங்கயோ கிடந்திருக்கு. அத மும்தாஜ் மாத்திக் குரூப்புல போட்டுட்டா. போட்டுட்டுக் கீழ எழுதுறா, "எல்லாரும் சத்தம் வச்சுக் கேளுங்கடி"ன்னு. சும்மா எழுதுனாளா, குத்திக் காட்டி எழுதுனாளா, யாருக்குத் தெரியும்? ஒருத்தியும் பதில் போடல. மாஸ்டரும் போடல.

நான் பாத்தேன். ஒரு தடவையா ரெண்டு தடவையா? டூட்டி முடிஞ்சு காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தா அதுதான். வீட்டுக்காரர், "செத்த வீட்டு வீடியோ மாதிரி எதுக்கு அதையே பாக்குற?"ங்கிறாரு. கேமரா நம்ம கோலுக்குப் பின்னாடிதான் வச்சிருந்திருக்காங்க. எங்குரல் நல்லாக் கேக்குதுக்கா. இருவத்தோரு வயசுக் குரல். "ஏறு ஏறு"ங்கிறது கேக்குது, "ஆளு மும்தாஜ், ஆளு"ங்கிறது கேக்குது. "அவே"ன்னு மூணு தடவ கேக்குது. அந்த ஒரு பந்துக்கு மட்டும் கேக்கல. ஜனங்க விசிலடிக்கிற சத்தம் இருக்கு, ஸ்பீக்கர்ல எவனோ பாட்டு வேற போட்டுத் தொலைச்சிருக்கான். அதுல அமுங்கியிருக்கும். மத்த நேரமும் பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அது தெரியும். ஆனா ஒவ்வொரு நேரம் காத்து ஒவ்வொரு பக்கம் அடிக்கும்ல?

அதத்தான் அவகிட்டச் சொல்லிப் புரிய வைக்கலாம்னு இன்னிக்குப் போனேன். போன்ல வீடியோவோட. அவ காலை ஷிஃப்ட்டு, ரெண்டரைக்கு மேல வருவான்னாங்க. வாசப்படியில உக்காந்திருந்தேன். மில்லு பஸ்ஸு வந்து முக்குல நின்னுச்சு. எறங்கி வர்றா. தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு வர்றா. அந்தப் புள்ள ஓடுறத நான் பின்னாடியிருந்து நாலு வருசம் பாத்திருக்கேன்க்கா. வேற யாரோ வர்றாங்கன்னே நெனச்சேன்.

என்னையப் பாத்தா. நின்னா. "வா சகாயம். வெயில்லயா உக்காந்திருக்க?"ன்னா. போன வாரம் பாத்தவ மாதிரி. உள்ள போயி மூஞ்சி கழுவிட்டு வந்தா. சாப்பிட்டியான்னா. நான் சாப்பிட்டேன்னு சொல்றதுக்குள்ள தட்டு வச்சுட்டா. சோறு, தட்டப்பயத்தங் குழம்பு, ஒரு முட்டையப் பொரிச்சு வச்சா.

"காலு எப்படி இருக்கு?"ன்னேன்.

"இருக்கு. சாயங்காலமானா வீங்கும், காலையில வடிஞ்சுரும். ஒனக்குச் சக்கரையாமே?"

"யாரு சொன்னா?"

"குரூப்புல பேசிக்கிட்டாங்களே."

அப்ப எல்லாத்தையும் படிக்கிறா. ஒண்ணும் எழுதுறதில்ல, ஆனா படிக்கிறா. நான் போன எடுத்தேன். "இத ஒனக்குக் காட்டணும்னுதான் வந்தேன் ஜோதி"ன்னேன்.

"பாத்துட்டேன். மும்தாஜ் போட்ட அன்னிக்கே எம்மக போட்டுக் காமிச்சா."

"சத்தம் வச்சா?"

"சத்தம் வச்சுத்தான்."

தட்டத் தள்ளி வச்சேன். நான் பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சேன். ஸ்பீக்கரு, விசிலு, காத்து, கேமரா மைக்குக்கு இருக்கிற சக்தி, எல்லாம் சொன்னேன். எங்க ஸ்டேஷன்ல ஒரு கேஸுல ரெகார்டிங்ல பாதி விழாமப் போனத எல்லாம் சொன்னேன். அவ சுவத்துல சாஞ்சு கால நீட்டி உக்காந்துக்கிட்டு, முட்டியத் தேய்ச்சுக்கிட்டே கேட்டா. நடுவுல ஒரு தடவ கூட மறிக்கல. நான் பேசி முடிச்சு மூச்சு வாங்குறேன்.

"கேட்டுச்சு சகாயம்"ங்கிறா.

"என்னது?"

"நீ கூப்பிட்டது. அன்னிக்கே கேட்டுச்சு. நான்தான் விடல."

"அப்புறம் ஏன்டி அன்னிக்குக் கேக்கலன்ன?"

"தோத்துட்டோம்ல. பயத்துல சொல்லிட்டேன்." எம் மூஞ்சியப் பாக்கல. தட்டப் பாத்துக்கிட்டே சொல்றா. "இதக் கேக்கத்தான அம்புட்டு தூரத்துலயிருந்து வந்த? வாங்கிட்டேல்ல. சாப்பிடு, ஆறுது."

சாப்பிட்டேன்க்கா. முட்டையக் கூட மிச்சம் வைக்காமச் சாப்பிட்டேன். நான் கை கழுவுறப்ப அவ போன எடுத்தா. குரூப்புல வாய்ஸ் போடுறா, எங் கண்ணு முன்னாடியே. அந்தக் குரூப்புல இதுவரைக்கும் அவ ஒரு தடவ கூட வாயத் திறந்ததில்ல. "எல்லாருக்கும் வணக்கம், நாகஜோதி பேசுறேன். ஃபைனல்ல சகாயம் கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. தப்பு என்னோடது. இனி அந்த வீடியோவப் பத்தி யாரும் பேச வேணாம்." அவ்வளவுதான். போன வச்சுட்டு, "பஸ்ஸு நாலரைக்கு இருக்கு, முக்குலயே நிக்கும்"னா. வாசல் வரைக்கும் வந்து நின்னா. அந்தக் காலோட.

நான் சந்தோசமா இருக்கணும்ல? பதினேழு வருசமா இதத்தான கேட்டேன். பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், மனசு ஒத்துக்கல. என்ன பொய் இது? வீடியோவச் சத்தம் வச்சுக் கேட்டிருக்கா. அதுல இல்லன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேட்டுச்சுங்கிறா. எப்படிக்கா கேக்கும்? நான் கூப்பிடவே இல்லையே.

ஆமா. கூப்பிடல.

வெளிய வந்தேன். வாயத் திறந்தேன். செமி ஃபைனல்ல கை நழுவுனது கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. கூப்பிட்டு, மறுபடியும் விட்டுட்டா? அத்தனை பேரு முன்னாடி மறுபடியும்? ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி சத்தம் வரல. அப்புறம் நின்னிருக்கணும். நிக்காமப் போயிட்டேன். சத்தம் வரலைன்னாப் பந்து அவளோடது. அவ சரியாத்தான் போனா. மாஸ்டர் கேட்டப்பக் கூப்பிட்டேன்னு சொன்னது கூட வேணும்னு சொல்லலக்கா. வாயில அதுதான் வந்துச்சு. ஒரு தடவ சொன்ன பிறகு, அப்புறம் சொல்லச் சொல்ல, எனக்கே அது கேக்க ஆரம்பிச்சுருச்சு. சத்தியமாச் சொல்றேன், ராத்திரி படுத்தா நான் கூப்பிட்ட குரலு எங் காதுல கேக்கும். மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் கேட்டுச்சு.

அந்த பஸ் ஸ்டாப்புலயே நின்னு அவளுக்கு மெசேஜ் அடிச்சேன். அவளுக்குத் தனியா. "ஜோதி, நான் கூப்பிடல. மன்னிச்சுக்கோ"ன்னு. அடிச்சு அனுப்புறதுக்கும் இந்த பஸ்ஸு வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. ஏறி உக்காந்ததும் பதில் வந்துச்சு. இந்தா, பாருங்க. கண்ணாடி இல்லையா? நானே வாசிக்கிறேன். "தெரியும். ஊருக்குப் போயி மாத்திரையப் போட்டுட்டுப் படு."

தெரியுமாம். அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

இல்ல, அழுகலக்கா. தூசி. இந்த ஜன்னலு மூட மாட்டேங்குது.

என்ன கேட்டீங்க? குரூப்புலயா? மத்தவளுகளுக்கா? இல்ல, அதுல இன்னும் போடல. ஜோதி பேசுனதுக்குக் கீழ எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுற படம் போட்டிருக்காளுக. மும்தாஜ் கூட "சரிடி, மன்னிச்சுரு சகாயம்"னு போட்டிருக்கா. மாஸ்டர் பழசெல்லாம் எதுக்கும்மான்னு போட்டிருக்காரு. இப்பத்தான் எல்லாம் அடங்கியிருக்கு. இந்த நேரத்துல போயி நான் ஒண்ணு போட்டா, மறுபடியும் மொதல்லயிருந்து ஆரம்பிப்பாளுக. மாஸ்டருக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு. ஜோதிக்கே அதுல இஷ்டம் இருக்குமான்னு தெரியல, யாரும் பேச வேணாம்னு அவதான சொல்லியிருக்கா? அவளுக்குத் தெரிஞ்சா போதாதா? அவளுக்குத்தான தெரியணும்.

போடுவேன்க்கா. போட மாட்டேன்னு சொல்லல. ஞாயித்துக்கெழம டூட்டி இல்ல. அன்னிக்கு உக்காந்து, யாரு மனசும் நோகாம, நிதானமா எழுதிப் போடணும். அவசரத்துல போடுற விசயமா இது?

எந்திரிக்கிறீங்களா? உங்க ஊரு வந்துருச்சா? சரி, சரி. அந்தப் பையக் குடுங்க, நீங்க எறங்குனதும் ஜன்னல் வழியாத் தர்றேன்.